தண்ணீரிடம் சொன்னது

பெண்கள் சிறை, ஆறாம் அறை
பிப்ரவரி 8, சனி

அன்புத் தங்கை நெவேனாவுக்கு,

டோன்கா அக்கா எழுதுவது. நலம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், நலமில்லை என்று எழுதினால் கவலைப்படுவாய். அதனால் மூட்டு வலி வழக்கம்போல, பசி வழக்கம்போல என்று மட்டும் சொல்லிவைக்கிறேன். உனக்கு முன்னால் இந்தக் கடிதத்தைப் பிரித்துப் படிக்கப்போகும் அதிகாரி அம்மாவுக்கும் வணக்கம். அவருக்கும் மூட்டு வலிதான், பாவம்.

உன்னை மருத்துவமனைக்கு அழைத்துப்போய் இன்றோடு ஒன்பது நாள். தையல்கூடத்தில் காலர் தைத்துக்கொண்டிருந்தவளை டாக்டர் பார்க்க வேண்டுமாம் என்று கூட்டிப்போனார்கள். அப்படியே வண்டியில் ஏற்றிவிட்டார்கள் என்பது மதியச் சாப்பாட்டின்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. உன் எந்திரத்தில் அந்தக் காலர் பாதியில் நின்றது. நான் முடித்துவிட்டேன். உன் கைக்கு ஈடாகாது. ஆனால் எந்தக் காவல்காரன் கழுத்திலோ ஏறப்போவதுதானே, கொஞ்சம் கோணலாக இருந்தால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

அறையில் எட்டுப் பேர் ஏழாகிவிட்டோம். உன் கட்டிலில் இன்னும் யாரையும் போடவில்லை. ஸ்லாத்கா அதன்மேல் யாரையும் உட்காரவும் விடுவதில்லை. அவளைத்தான் உனக்குத் தெரியுமே, அன்பு வந்தாலும் கத்துவாள், கோபம் வந்தாலும் கத்துவாள். இப்போது இரண்டும் சேர்ந்து வந்திருக்கிறது. ஏப்ரலில் முன்விடுதலை விசாரணை வைத்திருந்த பெண்ணைப் பைத்தியம் என்று முத்திரை குத்தி அனுப்பிவிட்டார்களே என்று நாள் முழுக்கப் புலம்புகிறாள். எவளோ ஒருத்தி டாக்டர் காதில் ஓதியிருக்கிறாள், அவள் யாரென்று தெரியட்டும், அவள் காபியில் உப்பு, படுக்கையில் தண்ணீர் என்று சபதம் போட்டிருக்கிறாள். நான் போர்வையை மடித்துக்கொண்டிருந்தேன். யாராக இருக்கும் என்று நானும் கேட்டுவைத்தேன்.

அந்த இளம் டாக்டர் இலியேவாவின் கேள்வித்தாள் நினைவிருக்கிறதா? மனநலப் பரிசோதனை என்று ஜனவரியில் எல்லோரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு இருபத்தைந்து கேள்வி கேட்டாளே, அதுதான். பயமுறுத்தும் கனவுகள் வருகின்றனவா என்ற கேள்விக்கு நம் பகுதியில் நாற்பத்தொரு பெண்களும் இல்லை என்று சொல்லியிருக்கிறார்களாம். டாக்டர் அசந்துபோய்விட்டாள். சிரிப்பாக இருக்கிறது. கெட்ட கனவை மனிதரிடம் சொன்னால் பலித்துவிடும், ஓடும் தண்ணீரிடம் சொன்னால் அது அடித்துக்கொண்டு போய்விடும் என்று பால் குடிக்கும் வயதிலேயே நமக்கெல்லாம் சொல்லிவைத்திருக்கிறார்கள். தினமும் காலையில் குழாயடியில் முணுமுணுத்துவிட்டு வருகிறவர்கள் தாளைப் பார்த்ததும் வாய் திறப்பார்களா? அவளும் நம் நாட்டுப் பெண்தான், ஆனால் சோஃபியாவில் ஏழாவது மாடியில் வளர்ந்தவள். அங்கே கனவெல்லாம் லிஃப்டில் இறங்கிப் போய்விடும் போலிருக்கிறது.

இங்கே ஒரு வாரமாக மூடுபனி. முற்றத்தில் நடக்கும்போது முன்னால் போகிறவளின் கால் தெரிகிறது, தலை தெரிவதில்லை. நேற்று மதிலும் தெரியவில்லை. மதிலே இல்லை என்று வைத்துக்கொண்டு அரை மணி நேரம் நடந்தேன். எங்கேயோ ஆடு கத்தியது, பனியில் அது என் தோளுக்குப் பக்கத்திலேயே நிற்பது மாதிரி இருந்தது. நீ இருந்தால் அந்த ஆட்டுக்கு ஒரு பெயர் வைத்திருப்பாய். காலையில் குழாயடி வரிசையில் உன் முறை வருகிற இடத்தில் நாங்கள் எல்லோரும் ஒரு நொடி நின்றுவிடுகிறோம். பிறகு அந்தச் சின்னப்பெண் பெத்ரான்கா போய்க் குழாயைத் திறக்கிறாள்.

என்ன மருந்து கொடுக்கிறார்கள், சூப்பில் உப்பு இருக்கிறதா, ஜன்னல் எந்தப் பக்கம் பார்க்கிறது, எல்லாம் எழுது. யார் சொல்லியிருப்பார்கள் என்று யோசித்து மனதைப் புண்ணாக்கிக்கொள்ளாதே. யாரோ சொல்லிவிட்டார்கள், அவ்வளவுதான்.

கடவுள் உன் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கட்டும்.

அன்புடன்,
டோன்கா

*

ஆறாம் அறை
பிப்ரவரி 16, ஞாயிறு

நெவேனா,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. திரும்பியும் வரவில்லை, அதனால் உன் கைக்குச் சேர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறேன். அதில் ஒரு பொய் எழுதியிருந்தேன். உட்கார்ந்துகொள். படுத்திருந்தால் எழுந்து உட்கார்ந்துகொள்.

டாக்டரிடம் சொன்னது நான்தான்.

அறையிலும் சொல்லிவிட்டேன். சொல்லாமல் காலத்தை ஓட்டியிருப்பேன், எனக்கு அவ்வளவு தைரியம் கிடையாது. ஆனால் ஸ்லாத்காவின் சந்தேகம் பெத்ரான்காமேல் போய்விட்டது. புதிதாக வந்தவள், டாக்டரிடம் இரண்டு முறை தலைவலி மாத்திரை வாங்கியவள், இது போதாதா? வியாழக்கிழமை அந்தப் பெண் காபியை வாயில் வைத்தாள், முகம் கோணியது, ஆனாலும் முழுவதும் குடித்தாள். இருபத்திரண்டு வயது. வெளியே கைக்குழந்தை. அவள் குடித்து முடிக்கிறவரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எழுந்து, உப்பு எனக்குச் சேரவேண்டியது என்று சொன்னேன். அன்றிலிருந்து யாரும் என்னிடம் பேசுவதில்லை. காபி மட்டும் தினமும் தவறாமல் உப்புக் கரிக்கிறது.

உனக்கு விவரம் தெரியவேண்டும். என் கட்டிலின் தலைமாடு குழாயடியின் பலகைத் தடுப்பை ஒட்டி இருக்கிறது. நடுவில் ஒரு விரல் கனத்துக்கு மரம், அவ்வளவுதான். அங்கே படுத்திருப்பவளுக்கு எல்லோருடைய கனவும் கேட்கும். தண்ணீரிடம் சொன்னதை மனிதக் காது கேட்கக்கூடாது, கேட்டாலும் கேட்கவில்லை என்பதுதான் நம் முறை. மூன்று வருடமாக அந்த முறையைக் காப்பாற்றினேன். ஸ்லாத்காவின் கனவில் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். செத்தாலும் சொல்லமாட்டேன்.

உன் கனவு ஜனவரி நடுவில் ஆரம்பித்தது. உங்கள் வீட்டு வால்நட் மரத்தடியில் மேஜை போட்டிருக்கிறது, போன வருடம் இறந்துபோன உன் அண்ணன் ஆசென் அங்கே உட்கார்ந்து உன்னை வா என்கிறான். முதல் நாள் நீ வாசல் கேட்டுக்கு வெளியே நின்றாய். அழுதுகொண்டே சொன்னாய், தண்ணீர் உன் குரலைப் பாதி விழுங்கியது. நான்காம் நாள் கேட்டைத் திறந்துவிட்டாய். பிறகு கிணறு, பிறகு கோழிக்கூடு, ஒவ்வொரு நாளும் ஓரடி. மேஜையில் சீஸ் வைத்துச் சுட்ட பனித்சா, புது வெங்காயம், அவன் கையால் ஊற்றிய ரகியாச் சாராயம். பத்தாம் நாளுக்குமேல் நீ அழவில்லை. பதினைந்தாம் நாள் நாற்காலியின் முதுகைத் தொட்டேன், வெயில் பட்டுச் சூடாக இருந்தது என்று தண்ணீரிடம் சொன்னாய். எனக்கே அங்கே போய் உட்கார்ந்துவிடலாம் போல் இருந்தது, நெவேனா. அவ்வளவு அழகாகச் சொன்னாய். பதினேழு காலை கேட்டேன்.

பதினெட்டாம் நாள் நீ முகம் கழுவினாய், குழாயை மூடினாய், எதுவும் சொல்லவில்லை. மெதுவாக ஒரு பாட்டை முனகிக்கொண்டு வந்தாய். தையல் விரலுறையைக் கழற்றி என் கையில் வைத்து நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றாய். ஸ்லாத்காவுக்குக் காபி டப்பாவைக் கொடுத்தாய். எல்லோருக்கும் உன்னைப் பார்க்க மகிழ்ச்சியாக இருந்தது. நான் மட்டும் அந்த விரலுறையை மாட்டாமல் கையிலேயே வைத்திருந்தேன். கெட்ட கனவைத்தான் நாம் தண்ணீரிடம் கொடுப்போம். நீ கொடுப்பதை நிறுத்திவிட்டாய். அப்படியென்றால் அது உனக்குக் கெட்டதாகவே தெரியவில்லை, வைத்துக்கொள்ள முடிவு செய்துவிட்டாய்.

டாக்டரிடம் ஓடினேன். மூட்டு வலியைச் சாக்குச் சொல்லித்தான் அதிகாரியிடம் அனுமதி வாங்கினேன். டாக்டர் உன் தாளை எடுத்துப் பார்த்தாள். வாழ்க்கை வேண்டாம் என்று நினைத்தது உண்டா என்ற இடத்திலும் இல்லை என்றுதான் இருந்தது. உன் தாள் நலமாக இருப்பவர்களின் காகிதக் கட்டுக்குள் இருந்தது.

“சிரிச்சுக்கிட்டேதான் பதில் சொன்னா, அக்கா” என்றாள்.

“அதனாலதாம்மா சொல்றேன். இன்னிக்கே கூப்பிடுங்க. நாளைக்குன்னு வைக்காதீங்க.”

எப்படித் தெரியும் என்று கேட்டாள். குழாயைப் பற்றி முழுவதும் சொன்னேன். அவள் அந்தக் காகிதக் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். “நாப்பத்தோரு பேர்கிட்ட கேட்டதுக்குப் பதிலா அந்தக் குழாய்கிட்ட கேட்டிருக்கலாம்” என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை எடுத்தாள்.

உன் பொருட்களை மூட்டை கட்ட வந்த அதிகாரி உன் தலையணை உறையைப் பிரித்தபோது அறையில் நான் மட்டும்தான் இருந்தேன். உள்ளே நீ ஒளித்துவைத்திருந்ததை அவர் பார்த்தார், நானும் பார்த்தேன். அதை அறையில் யாரிடமும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். சொன்னால் எனக்கு உப்புக் காபி நின்றுவிடும், தெரியும். ஆனால் அது உன்னுடையது.

நான் எதற்காக உள்ளே வந்தேன் என்று நீ ஒருமுறை கேட்டாய், ரயிலில் தகராறு என்று சிரித்து மழுப்பினேன். நான் லெவல் கிராசிங்கில் கேட் கீப்பர். ஜூலை மாதம், மதியம் மூன்று மணி, சூரியகாந்தி வயலிலிருந்து அனல் அடித்தது. மேஜையில் தலைவைத்தேன். ரயில் கிளம்பிவிட்டது என்று ஸ்டேஷனிலிருந்து தொலைபேசி அடித்தது. மணிச்சத்தம் எனக்குக் கேட்டது, நெவேனா. கனவுக்குள் கேட்டது. எங்கள் வீட்டில் தொலைபேசி அடிக்கிறது, எங்கே வைத்தேன் என்று அறை அறையாகத் தேடுகிறேன், அலமாரியைத் திறக்கிறேன், தலையணைக்கு அடியில் பார்க்கிறேன். கேட்டை நான் இறக்கவில்லை. தண்டவாளத்தில் ஏறிய காரில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். அவர்கள் பெயர் எனக்குத் தெரியும், அவர்களுக்குத்தான் என் பெயர் தெரியாது. நான் நேர்மையாகப் பதில் சொல்லியிருந்தால் என் தாளும் அந்த நலமானவர்களின் கட்டுக்குள் இருந்திருக்காது.

இந்த முறை நான் விழித்திருந்தேன். மணி அடிப்பது கேட்டது. அதற்குமேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

விசாரணையைப் பற்றி டாக்டரிடம் கேட்டேன். ரத்தாகாது, ஜூனுக்குத் தள்ளிப்போகலாம் என்கிறாள். அவள் சொல்வது பலிக்கட்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன். பலிக்காவிட்டால் அந்தப் பழி என்னைச் சேரட்டும்.

சாப்பிடு. தட்டில் வைத்ததில் பாதியாவது சாப்பிடு.

உன் அக்கா,
டோன்கா

*

ஆறாம் அறை
மார்ச் 2, ஞாயிறு

என் நெவேனாவுக்கு,

உன்னிடமிருந்து எதுவும் வரவில்லை. பரவாயில்லை, நான் எழுதுவேன், எனக்கு வேறு என்ன வேலை? நீ எழுந்து நடக்கிறாய், கொஞ்சம் சாப்பிடுகிறாய், யாரோடும் பேசுவதில்லை என்று டாக்டர் சொன்னாள். கடிதங்களைப் படித்தாயா என்று அவளுக்குத் தெரியவில்லை.

நேற்று மார்ச் முதல் தேதி, வசந்தக் கயிறு கட்டும் நாள். எல்லோரும் தையல்கூடத்துத் துண்டு நூல்களை முறுக்கி மணிக்கட்டில் சிவப்பும் வெள்ளையும் கட்டிக்கொண்டோம். உனக்கும் ஒன்று முறுக்கினேன். அங்கே நூல் அனுப்பக்கூடாதாம், கவரைப் பிரித்து எடுத்துவிடுவார்களாம். ஏன் என்று நான் கேட்கவில்லை. அதனால் இந்தத் தாளின் ஓரத்தில் பெத்ரான்கா கலர் பென்சிலால் வரைந்திருக்கிறாள். வெள்ளைக்குத் தாளையே விட்டுவிட்டாள், பார். வசந்தத்தின் முதல் நாரை கண்ணில் பட்டதும் கழற்றும் வேலையும் உனக்கு இல்லை.

டாக்டர் பரிசோதனையை மறுபடி ஆரம்பித்திருக்கிறாள். இந்த முறை தாள் இல்லை. மருத்துவ அறையில் ஒரு கைகழுவும் தொட்டி இருக்கிறதல்லவா, அதில் குழாயைத் திறந்துவிட்டு நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொள்கிறாள். ஒளிவுமறைவு கிடையாது. உள்ளே வரும்போதே, எனக்குக் கேட்கும், பிடிக்காவிட்டால் குழாயை மூடிவிட்டுப் போகலாம் என்று சொல்லிவிடுகிறாள். தண்ணீருக்குக் காது முளைத்தாகிவிட்டது, அடுத்து சோப்புக்கு வாய் முளைக்கும் என்று ஸ்லாத்கா எல்லோரிடமும் நக்கலடித்தாள். முதல் இரண்டு நாள் ஒருத்தியும் போகவில்லை. மூன்றாம் நாள் பெத்ரான்கா போனாள். அப்புறம் ஒருத்தி, அப்புறம் ஒருத்தி.

நானும் போனேன். தொலைபேசி அடிப்பதைச் சொன்னேன். மூன்று வருடத்தில் முதல் தடவையாகச் சத்தமாகச் சொன்னேன். டாக்டர் திரும்பவே இல்லை. ஜன்னலுக்கு வெளியே பனி உருகிக் கூரையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது, உள்ளே குழாய், வெளியே கூரை, எந்தத் தண்ணீரிடம் சொல்கிறேன் என்றே தெரியவில்லை. வெளியே வந்தபோது உடம்பு காற்றில் நடப்பது மாதிரி இருந்தது. குணமாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். அன்றிரவும் மணி அடித்தது. ஆனால் வாரம் ஒருமுறை வரச்சொல்லியிருக்கிறாள், போகிறேன்.

ஐந்தாம் நாள் ஸ்லாத்கா போனாள். இருபது நிமிடம் தண்ணீர் ஓடியது. வராந்தாவில் நாங்கள் எல்லோரும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். முழங்கைவரை சட்டை நனைந்து வெளியே வந்தாள். யாரையும் திட்டவில்லை. எங்களுக்கு அது பழக்கமில்லாததால் பயந்தே போய்விட்டோம்.

இன்று மன்னிப்பு ஞாயிறு. அங்கே யாராவது உனக்குச் சொன்னார்களா? நாளை பெருநோன்பு தொடங்குகிறது. இந்த நாளின் வழக்கப்படி கட்டில் கம்பியிலிருந்து அல்வாத் துண்டை நூலில் தொங்கவிட்டு ஆட்டினோம். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஏழு பெண்கள் வாயால் கவ்வப் பாய்ந்தோம். அதிகாரி அம்மா எட்டிப்பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு போனார். ஐம்பத்துமூன்று வயதில், இந்தப் பல்லை வைத்துக்கொண்டு, நான்தான் கவ்வினேன். பெத்ரான்கா கைதட்டினாள். உடனே ஸ்லாத்கா என்ன நினைப்பாளோ என்று கையைக் கீழே போட்டாள்.

பிறகு மன்னிப்புக் கேட்கும் நேரம். சின்னவள் பெரியவளின் கையை முத்தமிட்டுக் கேட்டே ஆகவேண்டும். ஸ்லாத்கா என்னைவிட நான்கு வயது இளையவள், தப்ப வழியில்லை. வந்தாள். முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு என் கையைப் பிடித்தாள்.

“காபியில உப்புப் போட்டதுக்கு மன்னிச்சிரு, அக்கா” என்றாள். நான் மன்னித்தேன், கடவுளும் மன்னிக்கட்டும் என்றேன். அவள் கையை விடவில்லை.

“அவ ஏன் எனக்கு அந்தக் காபி டப்பாவைக் கொடுத்தா? நாலு மாசமா ஒரு ஸ்பூன் கேட்டாக்கூட முறைப்பாளே. நான் பல்லிளிச்சுக்கிட்டு வாங்கி வெச்சுக்கிட்டேன். ஒரு வார்த்தை, ஏண்டீன்னு ஒரு வார்த்தை கேக்கலியே.”

அப்படியே என் கட்டிலில் உட்கார்ந்து அழுதாள். நான் தலையணை உறையைப் பற்றி அப்போதும் வாய் திறக்கவில்லை. அவளுக்கு அது தேவைப்படவும் இல்லை. அந்த டப்பாவை அவள் பிறகு திறக்கவே இல்லையாம். உனக்காகத் துணியில் சுற்றி வைத்திருக்கிறாள்.

நெவேனா, முறைப்படி பார்த்தால் நீ என்னிடம் வந்து கேட்கவேண்டும். உனக்கு முப்பத்துநான்கு, எனக்கு ஐம்பத்துமூன்று. முறையை நான் ஏற்கெனவே ஒரு முறை உடைத்துவிட்டேன், இதையும் உடைக்கிறேன். உன் கையை இங்கிருந்தே முத்தமிடுகிறேன்.

டாக்டரிடம் சொன்னதற்காக மன்னிப்புக் கேட்கவில்லை. அதற்கு நீ என்னை எவ்வளவு வெறுத்தாலும் நான் வருந்தமாட்டேன். நாளைக்கே மறுபடி அப்படி ஒரு காலை வந்தால் மறுபடி ஓடுவேன், மூட்டு வலியோடு ஓடுவேன். நான் மன்னிப்புக் கேட்பது அந்தப் பதினேழு காலைக்காக. ஒரு விரல் கனப் பலகைக்கு இந்தப் பக்கம் கண்ணை மூடிப் படுத்துக்கொண்டு, நீ ஒவ்வொரு அடியாக அந்த மேஜையை நோக்கிப் போவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். எழுந்து வந்து உன் தோளைத் தொட எனக்கு நான்கு அடிதான். முறை என்று சொல்லிக்கொண்டு படுத்தே கிடந்தேன். அதற்கு மன்னித்துவிடு.

மன்னிக்க முடியாவிட்டால் திட்டி எழுது. எழுதப் பிடிக்காவிட்டால் வெறும் தாளை மடித்து அனுப்பு. உன் கை மடித்தது என்று பார்த்தால் எனக்குத் தெரியும்.

கடிதம் முடிக்கும்போது உயிரோடும் நலமாகவும் இரு என்று எல்லோரும் எழுதுகிறோம், யோசிக்காமல் எழுதுகிறோம். நான் இன்று யோசித்துப் பாதியை மட்டும் எழுதுகிறேன். நலம் மெதுவாக வரட்டும், அதற்கு அவசரமில்லை.

உயிரோடு இரு.

டோன்கா